ஜெராக்ஸ் கடையில பொறக்குற காமிக்ஸ்: வாசகர் கேள்வி, என் பதில்

போன இதழ்ல ஜான் போர்செலினோன்னு ஒரு அமெரிக்கக்காரரைப் பத்தி அரைப்பக்கம் எழுதியிருந்தேன், 1989ல இருந்து தானே வரைஞ்சு தானே ஜெராக்ஸ் எடுத்து பின் அடிச்சு தபால்ல அனுப்புற 'கிங்-கேட்' காமிக்ஸ்காரர். கூடவே நானும் திருச்சியில 2007ல இருந்து இப்படி ஒரு சின்ன காமிக்ஸ் போட்டுட்டு வர்றேன், இதுவரைக்கும் 23 இதழ் வந்திருக்குன்னு ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரிக்கு இவ்வளவு கடிதம் வரும்னு சத்தியமா நெனைக்கல. அதனால இந்த மாசம் பக்கம் முழுக்க காமிக்ஸ் கேள்விகளுக்கே.

*

கேள்வி: ஒரே ஆள் 35 வருஷத்துக்கு மேல ஜெராக்ஸ் காமிக்ஸ் போடுறாருன்னா அதுல அவருக்கு என்ன கிடைக்குது? பெரிய கம்பெனி எதுவும் அவரைக் கூப்பிடலையா?
(ஒரு வாசகர், சாத்தூர்)

கூப்பிட்டாங்க சார். கனடாவுல ட்ரான் அண்ட் க்வார்ட்டர்லின்னு நல்ல பேர் உள்ள பதிப்பகம் அவரோட பழைய இதழ்களைத் தொகுத்து 2007லயும் 2009லயும் தடிப் புத்தகமாவே போட்டாங்க, அதுக்கப்புறமும் போட்டாங்க. ஆனா அந்த மெல்லிசு இதழை மட்டும் அவர் நிறுத்தவே இல்ல, 80வது இதழையும் தாண்டிடுச்சு.

ஆரம்பிச்சப்ப அவருக்கு 20 வயசு. பல வருஷம் கொசு ஒழிப்பு வேலை பார்த்தாரு, அதாவது சாக்கடை குட்டை தேங்கின தண்ணின்னு தேடிப்போய் மருந்து அடிக்கிற வேலை, நம்ம ஊர் முனிசிபாலிட்டியில பண்றாங்களே அதேதான், அந்த அனுபவத்தையும் காமிக்ஸா வரைஞ்சாரு, அது 2005ல தனிப் புத்தகமா வந்து பரிசும் வாங்குச்சு. நடுவுல உடம்புக்கு ரொம்ப முடியாம ஆஸ்பத்திரியில கெடந்து ஆபரேஷன் பண்ணி, சின்ன சத்தம் கூட காதுக்குத் தாங்காத ஒரு பிரச்சினை வந்து, மனசும் ரொம்ப கஷ்டப்பட்டு, அத்தனையையும் பின்னாடி வரைஞ்சாரு. சில சமயம் ஒரு இதழுக்கும் அடுத்த இதழுக்கும் நடுவுல ஒரு வருஷமே ஓடிடும். வாசகர் காத்திருப்பாங்க.

ஏன் காத்திருக்காங்கன்னா, அந்த இதழ் கையில கெடச்சா ஒரு கடிதம் வந்த மாதிரி இருக்கும். ரொம்ப கம்மியான கோடு, நிழல் கிடையாது, சினிமாத்தனமான ஆங்கிள் கிடையாது, ஒருத்தர் நடந்து போறாரு, ஒரு அணில் பாக்குறாரு, வீட்டுப் பூனைக்கு வயசாகுது, அவ்வளவுதான் கதை. கூடவே அந்தச் சமயத்துல அவருக்குப் பிடிச்ச 40 விஷயம்னு ஒரு பட்டியல் வரும், வாசகர் கடிதம் வரும். நீங்க கடிதம் போட்டா அது அடுத்த இதழ்ல வர வாய்ப்பு இருக்கு, அப்போ நீங்களும் அந்த இதழுக்குள்ள ஒரு ஆள் ஆயிடுறீங்க. 1992ல ஸ்பிட் அண்ட் எ ஹாஃப்னு ஒரு சின்ன விநியோகமும் ஆரம்பிச்சு, தன்னைப் போலவே தானே போடுற மத்தவங்க காமிக்ஸையும் தபால்ல வித்துக்குடுத்தாரு.

அவருக்கு என்ன கிடைக்குதுன்னு கேட்டீங்க. எனக்குத் தெரிஞ்ச பதில் இதுதான்: ஆயிரம் முகம் தெரியாத ஆளுங்க படிக்கிறதும், 200 பேர் வீட்டு விலாசம் நம்ம நோட்டுல இருக்கிறதும் ஒண்ணு கிடையாது. ரெண்டாவதுதான் நம்மளை அடுத்த இதழ் வரைய வைக்கும். என் அனுபவத்தை கீழ இன்னொரு பதில்ல சொல்றேன்.

*

கேள்வி: ரேஷன் கடையில வேலை பாக்குறேன். தினமும் நடக்குறதெல்லாம் காமிக்ஸா போடணும்னு ஆசை, ஆனா ஒரு மனுஷனைக் கூட ஒழுங்கா வரைய வராது. விட்டுடலாமா?
(ஒரு வாசகர், ஒரத்தநாடு)

விடாதீங்க! உங்க கடிதத்துல அந்த கைரேகை மிஷின் விரலை எடுக்காம நின்ன வயசான அம்மாவைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தீங்களே, அது அப்படியே ஒரு பக்க காமிக்ஸ்.

ஹார்வி பீக்கர்னு ஒருத்தர், அமெரிக்காவுல க்ளீவ்லண்ட் நகரம், ராணுவத்துல இருந்து ஓய்வானவங்களுக்கான அரசு ஆஸ்பத்திரியில ஃபைல் எடுத்து அடுக்குற கிளார்க். அவருக்கும் வரைய வராது. பழைய ஜாஸ் இசைத்தட்டு சேக்குற பழக்கத்துல ராபர்ட் க்ரம்ப் நண்பரானாரு, இந்த க்ரம்ப்தான் பின்னாடி பெரிய கார்ட்டூனிஸ்ட் ஆகி 1968ல தன்னோட காமிக்ஸை கைக்குழந்தை தள்ளுவண்டியில வச்சு சான் ஃபிரான்சிஸ்கோ தெருவுல வித்தவரு. பீக்கர் என்ன பண்ணாருன்னா கட்டம் போட்டு அதுக்குள்ள குச்சி மனுஷன் வரைஞ்சு, யாரு எங்க நிக்கிறா, யாரு என்ன பேசுறா, எந்தக் கட்டத்துல எல்லாரும் பேசாம இருக்காங்கன்னு எழுதிக் குடுத்தாரு, அதை வச்சு க்ரம்ப்பும் மத்த ஓவியர்களும் வரைஞ்சாங்க. 1976ல 'அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்' முதல் இதழை சொந்தக் காசுல போட்டாரு, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணுன்னு பல வருஷம் அவரேதான் போட்டாரு. கதையெல்லாம் பெரிசா ஒண்ணும் இல்ல, சூப்பர் மார்க்கெட் வரிசையில யாருக்குப் பின்னாடி நிக்கிறது, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவர் என்ன பேசினாரு, இந்த மாதிரிதான். 2003ல அது சினிமாவா வந்துச்சு. 2001ல ரிட்டயர் ஆகுற வரைக்கும் அந்த கிளார்க் வேலையை அவர் விடல.

நீங்களும் குச்சி மனுஷனையே வரைஞ்சு ஆரம்பிங்க. பேச்சை மட்டும் காதுல விழுந்த மாதிரியே எழுதுங்க, ஒரத்தநாட்டுல பேசுற மாதிரி, புத்தகத் தமிழ் வேண்டாம். கடைக்கு வர்றவங்க பேரையும் அடையாளத்தையும் மாத்திடுங்க, அவங்க கஷ்டம் ஊருக்கெல்லாம் தெரியணும்னு அவசியம் இல்ல. பக்கத்துல ஓவியக் கல்லூரி மாணவர் யாராவது வரைய ஒத்துக்கிட்டா பக்கத்துக்கு இவ்வளவுன்னு முன்னாடியே பேசி குடுத்துடுங்க, அட்டையில அவர் பேரும் உங்க பேரும் ஒரே சைஸ்ல வரணும்.

*

கேள்வி: 24 பக்கத்துல ஒரு கதை வரைஞ்சு முடிச்சுட்டேன். 1000 காப்பி அடிச்சா ஒரு காப்பி விலை ரொம்ப கம்மியா வருதுன்னு பிரஸ்ல சொல்றாங்க. அம்மா செயினை அடகு வைக்கலாம்னு சொல்றாங்க. ஜெராக்ஸா, ஆஃப்செட்டா?
(ஒரு கல்லூரி மாணவர், ஈரோடு)

தம்பி, செயின் அம்மா கழுத்துலயே இருக்கட்டும். முதல் இதழ் 100 காப்பி போதும். ஒரு காப்பி விலை கம்மின்னு 1000 அடிச்சா, விக்காத 850 காப்பி கட்டிலுக்கு அடியில இருக்கும், மழைக்காலத்துல பூஞ்சை புடிக்கும், அதைப் பாக்கும்போதெல்லாம் ரெண்டாவது கதை வரைய மனசு வராது. 100 காப்பி தீர்ந்துடுச்சுன்னா அந்த சந்தோஷத்துலயே ரெண்டாவது இதழ் வந்துடும்.

நிஞ்ஜா டர்ட்டில்ஸ் காமிக்ஸ் வந்த கதை உனக்குத் தெரிஞ்சிருக்கும், 1984ல கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லெய்ர்டும் வருமான வரியில திரும்ப வந்த பணம், ஒரு மாமாகிட்ட வாங்கின கடன் ரெண்டையும் போட்டு சுமார் 3000 காப்பி கருப்பு வெள்ளையில அடிச்சாங்க, அது உலகம் முழுக்க போச்சு. அதைப் பாத்துட்டு ஆளாளுக்கு கருப்பு வெள்ளை காமிக்ஸ் அடிக்க ஆரம்பிச்சாங்க, கடைக்காரங்களும் அள்ளி அள்ளி வாங்கினாங்க, 1987 வாக்குல எல்லாம் அப்படியே சரிஞ்சு நிறைய பேர் கையைச் சுட்டுக்கிட்டாங்க. ஜெயிச்ச ஒரு கதையை மட்டும் பாத்து காப்பி எண்ணிக்கையை முடிவு பண்ணாத. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா அந்த லெய்ர்டு தனக்கு வந்த பணத்துல ஒரு அறக்கட்டளை வச்சு, 1992ல இருந்து 20 வருஷம், தானே காமிக்ஸ் போடுறவங்களுக்கு அச்சு செலவுக்குப் பணம் குடுத்தாரு.

இப்போ வேலைக்கு வருவோம். உன்னோடது 24 பக்கம், நல்லது, ஏன்னா ஏ4 தாளை நடுவுல மடிச்சா 4 பக்கம் வரும், அதனால மொத்தப் பக்கம் 4ஆல வகுபடணும். பிரஸ்ஸுக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ போறதுக்கு முன்னாடி வெள்ளைத்தாள் 6 எடுத்து மடிச்சு பக்க நம்பர் எழுதி ஒரு டம்மி பண்ணு, பிரிச்சுப் பாத்தா ஒரே தாள்ல 24ம் 1ம் பக்கத்துல பக்கத்துல இருக்கும், பின்பக்கம் 2ம் 23ம் இருக்கும், எந்தத் தாளை எடுத்தாலும் பக்கத்துல இருக்கிற ரெண்டு நம்பரையும் கூட்டினா 25 வரணும், வரலைன்னா எங்கயோ தப்பு. இந்த டம்மியை கடைக்காரர் கையில குடுத்துட்டா அவர் பாத்து பாத்து அடிச்சுடுவாரு, வாயால சொல்லிப் புரிய வைக்க முடியாது.

நாலு பக்கமும் ஓரத்துல 1 செ.மீ.யாவது எழுத்து இல்லாம விடு. என்னோட ரெண்டாவது இதழ்ல கடைசிக் கட்டத்துக்கு அடியில ஒரு வரி ஓரமா எழுதியிருந்தேன், கட்டிங்ல அந்த வரி பாதியா போயிடுச்சு, கதையோட முடிவே அந்த வரிதான். 150 காப்பியிலயும் அந்த வரியை கையால எழுதி ஒட்டினேன்.

பெருசா வரைஞ்சு சின்னதா அடி. ஏ4ல வரைஞ்சதை 71 சதவீத அளவுக்குக் குறைச்சா ஏ5 வரும், கோடு எல்லாம் கூர்மையா தெரியும். ஆனா எழுத்தும் அதே அளவு குறையும்னு ஞாபகம் வச்சுக்கோ, நம்ம தமிழ்ல ணை, ளூ, ஞ மாதிரி சுழி அதிகமான எழுத்துக்கு உள்ள இருக்கிற ஓட்டை ஜெராக்ஸ்ல மை புடிச்சு அடைச்சுக்கும், அதனால கொஞ்சம் பெருசாவே எழுதணும். அப்புறம் பேச்சை எழுதுற பலூன் விஷயம். நாம எல்லாரும் இங்கிலீஷ் காமிக்ஸ் பாத்து வளந்ததால உயரமா ஒல்லியா பலூன் போட்டுடுறோம், ஆனா "போயிட்டிருந்தாங்களாம்"னு ஒரு வார்த்தையை அதுக்குள்ள எப்படி அடைப்ப? முதல்ல பேச்சை எழுதிடு, அதைச் சுத்தி அகலமா பலூன் போடு, மிச்சம் இருக்கிற இடத்துல ஆளை வரை. பலூன் முதல்ல, ஆள் அப்புறம். இது எனக்கு புத்தியில ஏற மூணு இதழ் ஆச்சு.

ஸ்கேன் பண்ணும்போது 600 டிபிஐ வச்சு சுத்தக் கருப்பு வெள்ளையா மாத்திடு, சாம்பல் கலர் விட்டா ஜெராக்ஸ்ல அழுக்கு மாதிரி வரும். பெரிய கருப்பு இடமும் திட்டுத்திட்டா வரும், அங்க கோடு கோடா போட்டு நிரப்பினா தப்பிச்சுக்கலாம். சாதா ஸ்டேப்ளர் நடு மடிப்பு வரைக்கும் எட்டாது, நீளக் கை ஸ்டேப்ளர் ஒண்ணு வாங்கிடு, என்கிட்ட இருக்கிறது 2008ல வாங்கினது, இன்னும் ஓடுது. 300 காப்பிக்கு மேல தேவைப்படுற காலம் வரும்போது ஆஃப்செட் பத்தி யோசி.

*

கேள்வி: ஐஎஸ்பிஎன், காப்புரிமை எல்லாம் கண்டிப்பா வாங்கணுமா?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

காப்புரிமை, அதாவது காப்பிரைட், நீங்க வரைஞ்ச உடனே உங்களுக்கு வந்துடும், பதிவு பண்ணியே ஆகணும்னு இல்ல, பதிவு பண்ணி வச்சா தகராறு வந்தா கையில ஒரு சான்று இருக்கும். ஐஎஸ்பிஎன்ங்கிறது புத்தகத்தோட அடையாள எண், நம்ம நாட்டுல இலவசம், ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஏஜென்சி குடுக்குது, ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம், கடைகள்லயும் நூலகத்துலயும் வைக்கணும்னா உதவும். மாசாமாசம் பத்திரிகை மாதிரி கொண்டுவர்றதா இருந்தா பத்திரிகைப் பதிவுச் சட்டம்னு தனியா இருக்கு, பழைய 1867 சட்டத்துக்கு பதிலா 2023ல புதுசு வந்திருக்கு, அதை தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேட்டுக்கோங்க. நம்ம சிறுபத்திரிகைக்காரங்க அட்டையில "தனிச்சுற்றுக்கு மட்டும்"னு போடுவாங்களே, அந்த வரி மேல எனக்கு எப்பவும் ஒரு பாசம் உண்டு.

*

கேள்வி: ஒரு கடையில 40 காப்பி விக்கக் குடுத்தேன். ஒன்றரை வருஷமாச்சு, பணமும் வரல, புத்தகமும் வரல. போன் பண்ணா "பாக்குறோம்"னு சொல்றாங்க.
(ஒரு வாசகர், மதுரை)

உங்க கோபம் நியாயம். எனக்கும் இது நடந்திருக்கு, ஒரு கடையில 60 காப்பி, ரெண்டு வருஷம் கழிச்சுப் போனா கடையே இடம் மாறிடுச்சு.

2025ல அமெரிக்காவுல நடந்ததைச் சொல்றேன். அங்க டயமண்டுன்னு ஒரு விநியோக கம்பெனி, 1990கள்ல மத்த விநியோகஸ்தர்களெல்லாம் ஒவ்வொருத்தரா மூடினப்புறம் காமிக்ஸ் கடைகளுக்கு சரக்கு போறதே பெரும்பாலும் இவங்க வழியாத்தான்னு ஆயிடுச்சு. 2025 ஜனவரியில அவங்க திவால்னு கோர்ட்டுக்குப் போனாங்க. அவங்க கிடங்குல சின்ன பதிப்பாளர்கள் விக்கிறதுக்காக குடுத்து வச்ச புத்தகம் நிறைய கெடந்துச்சு, வித்தா காசு குடுக்கிறோம்னு வாங்கி வச்சது, அந்தப் புத்தகத்தையே வித்து கடனை அடைக்க கோர்ட்ல அனுமதி கேட்டாங்க. தன் புத்தகம் தனக்கே இல்லைங்கிற நிலைமை. உங்க 40 காப்பிக்கும் அதுக்கும் அளவுதான் வித்தியாசம்.

ஆனா விக்கக் குடுக்குறதே தப்புன்னு சொல்ல மாட்டேன். 1981ல லண்டன்ல பால் கிராவெட்னு ஒருத்தர், வெஸ்ட்மின்ஸ்டர் சென்ட்ரல் ஹால்ல நடந்த காமிக்ஸ் சந்தையில ஒரு மேசை போட்டாரு, 'ஃபாஸ்ட் ஃபிக்ஷன்'னு பேரு. நாடு முழுக்க ஜெராக்ஸ் காமிக்ஸ் போடுறவங்க அவருக்கு காப்பி அனுப்புவாங்க, அவர் மேசையில வச்சு வித்து காசை அவங்களுக்குக் குடுப்பாரு. காமிக்ஸ் ஓவியர் எடி கேம்பெல் மாதிரி ஆளுங்க எல்லாம் அந்த மேசையில இருந்து வந்தவங்கதான். அந்த மேசையைச் சுத்தி நின்னு பேசிப் பேசியே வரையிறவங்க ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கிட்டாங்க. மேசைக்குப் பின்னாடி நிக்கிறவருக்கு அந்தப் புத்தகங்கள் மேல அக்கறை இருந்துச்சு, அதான் விஷயம்.

அதனால நீங்க இப்போ நேர்ல போங்க, சண்டை போடாதீங்க, விக்காத காப்பியை மட்டும் திருப்பிக் கேளுங்க. இனிமே எந்தக் கடைக்கும் 5 காப்பிக்கு மேல குடுக்காதீங்க, தேதியும் எண்ணிக்கையும் எழுதி கையெழுத்து வாங்குங்க, அது தீர்ந்து காசு வந்தா அடுத்த 5. கடையில வாங்குறவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது, அதனால கடைசிப் பக்கத்துல உங்க விலாசமும் போன் நம்பரும் போட்டு "ஒரு வரி எழுதுங்க"ன்னு கேளுங்க. எழுதினவங்க பேரை ஒரு நோட்டுல ஏத்திடுங்க.

*

கேள்வி: என் வீட்டுக்காரர் வரைவாரு. பேக்கிங், கணக்கு, தபால் எல்லாம் நான்தான். அட்டையில அவர் பேர் மட்டும் இருக்கு, அதுல எனக்கு வருத்தம் இல்ல, ஆனா சொந்தக்காரங்க "உனக்கு வேற வேலை இல்லையா"ன்னு கேக்குறப்ப கஷ்டமா இருக்கு.
(ஒரு வாசகி, கோவை)

இந்தக் கடிதத்தை நான் மூணு தடவை படிச்சேன்மா.

ஜெஃப் ஸ்மித்னு ஒருத்தர் 1991ல இருந்து 2004 வரைக்கும் 'போன்'னு ஒரு காமிக்ஸை 55 இதழ்ல முடிச்சாரு, அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல கொலம்பஸ்ல இருந்து, சொந்தப் பதிப்பகம். பின்னாடி ஸ்கொலாஸ்டிக்னு ஒரு பெரிய பதிப்பகம் அதைக் கலர்ல போட்டு இன்னைக்கு உலகம் முழுக்க குழந்தைங்க படிக்கிறாங்க. ஆரம்பத்துல அவரே வரைஞ்சு அவரே கடைக்காரங்ககிட்ட போன் பேசி அவரே பில் போட்டு திணறிட்டு இருந்தாரு. அப்போ அவர் மனைவி கலிஃபோர்னியாவுல இருந்த நல்ல கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுட்டு வந்து பதிப்பக வேலை முழுக்க ஏத்துக்கிட்டாங்க. அவங்க பேர் விஜயா ஐயர். அச்சு, விநியோகம், கணக்கு, வெளிநாட்டு உரிமை எல்லாம் அவங்க பாத்ததாலதான் அவர் உக்காந்து வரைய முடிஞ்சது, அவரே பல இடத்துல இதைச் சொல்லியிருக்காரு. ஆக சொந்தக்காரங்க கேட்டா "நான் பதிப்பாளர்"னு சொல்லுங்க. அடுத்த இதழ்ல உள்பக்கத்துல "வெளியிடுபவர்"னு போட்டு உங்க பேர் வரட்டும், வீட்டுக்காரர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

தபால் செலவு பத்தியும் கேட்டிருந்தீங்க. புத்தகம் அனுப்ப ஞான் போஸ்ட்னு 2025 மே மாசம் ஆரம்பிச்சாங்க, 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய்னு அறிவிச்சாங்க, ஆனா வார மாத இதழ் மாதிரி தொடர்ச்சியா வர்றதை அதுல எடுக்க மாட்டாங்க, அதனால உங்க புத்தகத்தை கவுன்டர்ல காட்டி இது போகுமான்னு கேட்டுட்டு அப்புறம் ஒட்டுங்க. கவருக்குள்ள கெட்டி அட்டை ஒண்ணு வைங்க, இல்லன்னா மடங்கிப் போகும், மழை மாசத்துல பிளாஸ்டிக் உறையும் போட்டுடுங்க.

*

கேள்வி: 6 இதழ் போட்டாச்சு. 80 பேர் வாங்கினாங்க, அதுல 10 பேர் கூட ஒரு வார்த்தை சொல்லல. 300 இதழ் எல்லாம் போட்டவங்க இருக்காங்களாமே, எனக்கு 7வது இதழே வர மாட்டேங்குது. நிறுத்திடலாம்னு இருக்கேன்.
(ஒரு வாசகர், புதுச்சேரி)

300 இதழ்னு நீங்க சொல்றது கனடாக்காரர் டேவ் சிம் போட்ட 'செரிபஸ்', 1977 டிசம்பர்ல ஆரம்பிச்சு 2004 மார்ச்ல முடிச்சாரு, 65வது இதழ்ல இருந்து பின்னணி எல்லாம் வரைஞ்சவர் ஜெர்ஹார்டுன்னு இன்னொருத்தர். உழைப்புன்னு பாத்தா மலைக்கத்தான் வேணும். ஆனா போகப்போக பெண்களைப் பத்தி அவர் அதுலயே எழுதினது எனக்கு ஒப்புதலே இல்ல, நிறைய வாசகர்கள் விலகிப் போனாங்க. எண்ணிக்கையை வச்சு உங்களை அளக்காதீங்க.

என் விஷயத்தைச் சொல்றேன். 2013ல 14வது இதழோட நான் நிறுத்திட்டேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, ஆபீஸ்ல வேலை மாத்தல், பேனாவை எடுத்தா கை ஓடல, அப்படியே மூணு வருஷம் போயிடுச்சு. யாருக்கும் சொல்லல, சொல்ல என்ன இருக்குன்னு விட்டுட்டேன். 2016ல ஒரு நாள் காரைக்குடி பக்கத்துல இருந்து ஒரு தபால் கார்டு வந்துச்சு, ஒரு டீச்சர், நோட்டுல 31வது பேர், அதுவரைக்கும் ஒரு கடிதம் கூட போட்டதில்ல. கார்டுல ரெண்டே வரி: வீடு மாறிட்டோம், அடுத்த இதழை இந்த விலாசத்துக்கு அனுப்பவும். அவ்வளவுதான். அவங்களைப் பொறுத்தவரை நான் நிறுத்தவே இல்ல, கொஞ்சம் லேட் ஆகுது, அவ்வளவுதான். அந்தக் கார்டை கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அந்த ராத்திரி 15வது இதழோட முதல் பக்கம் வரைஞ்சேன், அதுல தபால் கார்டு கொண்டு வந்த போஸ்ட்மேன்தான் முதல் கட்டம்.

உங்க 80 பேர்ல 70 பேருக்கு மேல பேசலைங்கிறது அவங்க படிக்கலைன்னு அர்த்தம் இல்ல. நம்ம ஆளுங்களுக்கு "நல்லா இருந்துச்சு"ன்னு எழுதிப் போட கூச்சம். நீங்க முதல்ல பேசணும். சிவகாசியில இருந்து 1972ல முத்து காமிக்ஸும் 1984ல லயன் காமிக்ஸும் வந்துச்சே, அது பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைகளோட தமிழாக்கம்தான், நாம போடுறது மாதிரி இல்ல, ஆனா வாசகர்கிட்ட பேசுறது எப்படின்னு எனக்குக் கத்துக்குடுத்தது ஆசிரியர் விஜயன் எழுதுற ஹாட்லைன் பக்கம்தான், சின்ன வயசுல கதைக்கு முன்னாடி அதைத்தான் படிப்பேன், அடுத்து என்ன வருது, ஏன் லேட்டு, எந்தக் கதை எடுபடலைன்னு எல்லாத்தையும் வெளிப்படையா எழுதுவாரு. நடுவுல இதழ்கள் ஒழுங்கா வராத வருஷங்கள் இருந்துச்சு, அப்புறம் 2012ல புது வேகத்துல திரும்ப வந்தப்ப பழைய ஆளுங்க நாப்பது அம்பது வயசுல சந்தா கட்டினாங்க. பாதிப் பேருக்கு அந்த ஹாட்லைன்தான் ஞாபகம் இருந்திருக்கும்னு நான் நம்புறேன்.

7வது இதழ் 24 பக்கம் வேண்டாம், 8 பக்கம் போதும். 80 கவர் மேலயும் பேரை உங்க கையால எழுதுங்க, உள்ள ஒரு கேள்வி வைங்க, பதில் சொல்ல சுலபமான கேள்வி, "உங்க தெருவுல எந்த மரம் இருக்கு"ன்னு நான் ஒரு தடவை கேட்டேன், 26 பேர் எழுதினாங்க, 17வது இதழ் முழுக்க அந்த மரங்கள்தான்.

*

கேள்வி: காமிக்ஸ் போடுறவங்க எல்லாம் ஒண்ணா சந்திக்கிற மாதிரி இங்க ஏதாவது நடக்குதா?
(ஒரு வாசகர், சென்னை)

இன்டி காமிக்ஸ் ஃபெஸ்ட்னு நம்ம நாட்டுல பல ஊர்ல சில வருஷமா நடக்குது, தானே வரைஞ்சு தானே போடுறவங்க மேசை போட்டு விக்கிற இடம், நான் ஒரு தடவை போயிட்டு 12 காப்பி வித்து 30 காப்பி வாங்கிட்டு வந்தேன். ஜப்பான்ல காமிக்கெட்னு ஒரு சந்தை, 1975 டிசம்பர்ல 32 குழுவும் சுமார் 700 பேரும்தான் வந்தாங்க, 2019ல ஒரு தடவைக்கு 7 லட்சத்துக்கு மேல வந்தாங்க. அங்க விக்கிறவர், வாங்குறவர், வரிசையை ஒழுங்குபடுத்துறவர் எல்லாருக்கும் ஒரே பேர், பங்கேற்பாளர். வாடிக்கையாளர்னு யாரும் கிடையாது. நீங்க உங்க ஏரியா நூலகத்துல ஞாயித்துக்கிழமை நாலு மேசை கேட்டுப் பாருங்களேன், நடந்தா எனக்கு எழுதுங்க, நான் பஸ் ஏறி வந்துடுறேன்.

*

கேள்வி: என் பொண்ணுக்கு 10 வயசு. நோட்டுப் பின்பக்கம் எல்லாம் காமிக்ஸ்தான். திட்டுறதா, ஊக்குவிக்கிறதான்னு தெரியல.
(ஒரு அம்மா, பெரம்பலூர்)

ஒரு ஏ4 தாள் எடுத்துக்கோங்க. குறுக்கயும் நெடுக்கயும் மடிச்சு 8 கட்டம் ஆக்குங்க, நீளவாக்குல ஒரு தடவை, அகலவாக்குல மூணு மடிப்பு. விரிச்சு, நடுவுல இருக்கிற ரெண்டு கட்ட நீளத்துக்கு மட்டும் கத்தரியால வெட்டுங்க, ஓரம் வரைக்கும் போகக் கூடாது. இப்போ நீளவாக்குல மடிச்சு ரெண்டு முனையையும் உள்ள தள்ளினா நடுவுல பூ மாதிரி விரியும், அதை ஒரு பக்கமா சாச்சா 8 பக்க புத்தகம், ஸ்டேப்ளர் பின்னும் வேண்டாம், பசையும் வேண்டாம். பாப்பா அதுல வரையட்டும், அட்டையில பேர், இதழ் எண் 1, விலை எல்லாம் அவளே எழுதணும். வரைஞ்சு முடிச்சதும் தாளை விரிச்சா எல்லாப் பக்கமும் ஒரே பக்கத்துல இருக்கும், அப்படியே ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க, 10 காப்பி, காசை அவ கையால குடுக்கட்டும், வீட்டுக்கு வந்து அவளே மடிக்கட்டும்.

முதல் காப்பி பாட்டிக்கு. ரெண்டாவது காப்பி இந்தப் பத்திரிகை விலாசத்துக்கு என் பேர் போட்டு அனுப்புங்க, அட்டையில அவ எழுதின விலையை நான் அனுப்பி வைக்கிறேன். அவளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் குடுத்து, முதல் பக்கத்துல என் விலாசத்தை எழுதச் சொல்லுங்க.